மாட்டுங்காவில் ஓர் ஓவிய வகுப்பு: இன்டர்மீடியட் தேர்வுக்குப் பிள்ளைகளை அனுப்பலாமா?

மகாராஷ்டிர அரசின் கலை இயக்ககம் நடத்தும் எலிமெண்டரி, இன்டர்மீடியட் ஓவியத் தேர்வுகளுக்குப் பள்ளிப் பிள்ளைகளைத் தயார்செய்யும் வார இறுதி வகுப்புகள் மும்பையில் அநேகமாக எல்லாப் பேட்டைகளிலும் இருக்கின்றன. மாட்டுங்காவில், பழைய கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில் நடக்கும் அப்படியொரு வகுப்பில் என் மகள் எட்டாம் வகுப்பில் எலிமெண்டரிக்கும் ஒன்பதாம் வகுப்பில் இன்டர்மீடியட்டுக்கும் பயின்றாள். குறைகளையும் எழுதப்போகிறேன் என்பதால் வகுப்பின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். எந்த வகுப்பில் சேர்ப்பது என்று யோசிக்கும் பெற்றோர் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதற்கு இது பயன்படும் என்று நம்புகிறேன்.

பெரும்பாலான பெற்றோர் இந்த வகுப்புகளைத் தேடி வருவதற்குக் காரணம் மதிப்பெண். மாநில வாரியத்தில் பத்தாம் வகுப்பு எழுதும் மாணவர் இன்டர்மீடியட் தேர்வில் ஏ கிரேடு பெற்றிருந்தால் 7, பி கிரேடுக்கு 5, சி கிரேடுக்கு 3 என்று கூடுதல் மதிப்பெண் கிடைக்கிறது. வகுப்பின் வாசலில் தொங்கும் பலகையும் அந்த 7 மதிப்பெண்ணைத்தான் பெரிய எழுத்தில் சொல்கிறது. ஆனால் அந்த ஆசிரியர் உள்ளே கற்றுக்கொடுப்பதில் பெரும்பகுதி, மதிப்பெண்ணே இல்லாவிட்டாலும் ஒரு பிள்ளை பெற்றிருக்க வேண்டிய பயிற்சி. நான் இந்த வகுப்பைப் பரிந்துரைப்பதற்கு அதுவே காரணம்.

தேர்வு இரண்டு நாள், நான்கு தாள்: பொருள்களைப் பார்த்து வரைதல், நினைவிலிருந்து வரைதல், டிசைன், வடிவியலும் எழுத்துருவும். இவற்றில் முதல் தாளுக்கு அவர் கொடுக்கும் பயிற்சியை விரிவாகச் சொல்ல வேண்டும். ஆசிரியர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளம் வயதிலேயே மும்பைக்கு வந்தவர். பள்ளி ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மராத்திப் பிள்ளைகளிடம் மராத்தியிலும் நம் பிள்ளைகளிடம் ஊர்த் தமிழிலும் பேசுகிறார். சேர்ந்த முதல் வாரங்களில் வண்ணத்தைத் தொடவே விடுவதில்லை. மேசையில் ஒரு பித்தளைச் செம்பை வைத்துவிட்டு, பிள்ளைகளை ஒரு தடவை தரையிலும் ஒரு தடவை ஸ்டூலிலும் உட்காரவைத்து, அந்தச் செம்பின் வாயை மட்டும் திரும்பத் திரும்ப வரையச் சொல்கிறார். நான் பார்த்துக்கொண்டிருந்த ஒருநாள் ஒரு சிறுமி செம்பின் வாயை முழு வட்டமாகவே போட்டுவைத்திருந்தாள். "ஏம்மா, அது வட்டம்னு உனக்குத் தெரியும், சரி. ஆனா இங்கருந்து பாத்தா வட்டமாவா தெரியுது? கண்ணு எங்க இருக்கு, செம்பு எங்க இருக்குன்னு பாரு" என்று சொல்லி, செம்பை மெல்ல அவள் கண்மட்டத்துக்கு உயர்த்தினார். வாய் ஒடுங்கி ஒடுங்கிக் கடைசியில் ஒரு கோடாகிவிட்டதை அவள் பார்த்தாள். கண்மட்டத்துக்குக் கீழே இறங்க இறங்க நீள்வட்டம் அகன்றுகொண்டே போகும். ஆகவே செம்பின் வாயைவிட அதன் அடிப்பாகத்தின் வளைவு அதிகமாக இருக்க வேண்டும். அடியை நேர்க்கோடாக வரைந்துவிடுவதுதான் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தவறு. அவர் அதை விதியாகச் சொல்லித் தரவில்லை; அவளையே பார்க்கவைத்தார். எத்தனையோ வகுப்புகளில் ஆசிரியர் வரைந்துகாட்டிய செம்பைப் பார்த்துப் பிள்ளைகள் செம்பு வரைகிறார்கள் என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும்.

டிசைன் தாளிலும் அவர் கைதேர்ந்தவர். ஒரு வட்டமோ அறுகோணமோ கொடுக்கப்படும். அதைச் சம பகுதிகளாகப் பிரித்து, ஒரே உருவைத் திரும்பத் திரும்ப அமைத்து, வண்ணம் தீட்ட வேண்டும். கோலம் போடும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எளிது என்று நான் நினைத்திருந்தேன், ஓரளவுக்கு எளிதுதான். நடுப்புள்ளியிலிருந்து எட்டுத் திசையிலும் சமமாக விரிப்பது அவர்கள் கைக்கு வந்துவிடுகிறது. ஆனால் கோலத்தில் கோடுதான் உயிர் என்றும், டிசைனில் இதழுக்கும் இதழுக்கும் நடுவே விடுபடும் வெற்றிடமும் ஒரு வடிவம் என்றும், அந்த வெற்றிடம் அழகாக இல்லாவிட்டால் இதழ்கள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் படம் தேறாது என்றும் அவர் விளக்கியது எனக்கே புதிய பாடம். ஓர் இதழை மட்டும் டிரேசிங் தாளில் எடுத்துக்கொண்டு, வெற்றிடத்தை முதலில் கறுப்பாக நிரப்பிப் பார்க்கச் சொல்கிறார். குறை எங்கே இருக்கிறது என்பது உடனே கண்ணில் படுகிறது.

போஸ்டர் வண்ணத்தைக் கையாளும் முறையும் இங்கே ஒழுங்காகச் சொல்லித்தரப்படுகிறது. நீர்வண்ணம் போல இது ஊடுருவித் தெரியாது. தாளை மூடி, பளபளப்பில்லாத ஒரே பரப்பாக நிற்க வேண்டும். நீர்மோருக்கும் கெட்டித் தயிருக்கும் இடைப்பட்ட பதத்தில் கலந்தால்தான் தூரிகைத் தடம் விழாது. அதற்கு மேல் கெட்டியானால் காய்ந்ததும் வெடிக்கும். எட்டு இதழ்களுக்கும் வேண்டிய வண்ணத்தை ஒரே தடவையில் கலந்துவைத்துக்கொள்ள வேண்டும். பாதியில் தீர்ந்துபோனால் அதே சாயலை மீண்டும் கொண்டுவருவது ஏறக்குறைய முடியாத காரியம். முதல் பூச்சு காயாமல் இரண்டாவதைத் தொட்டால் கீழே உள்ளது கரைந்து மேலே வந்துவிடும். மும்பை மழைக்காலத்தில் தாளே ஈரம் குடித்து நெளிந்துகிடக்கும்போது இந்தப் பொறுமை எவ்வளவு கடினம் என்பதை ஜூலையில் ஒருமுறை வண்ணம் தீட்டியவர்கள் அறிவார்கள். தாளின் நான்கு ஓரங்களையும் பலகையில் ஒட்டிவிட்டுத் தொடங்க வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருப்பது நியாயமே.

வடிவியல் தாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பல்கோணங்கள், நீள்வட்டம், பட்டகம், கூம்பு ஆகியவற்றின் பிளான் (மேலிருந்து பார்க்கும் தோற்றம்), எலிவேஷன் (முன்னிருந்து பார்க்கும் தோற்றம்) எல்லாம் கணக்காகச் சொல்லித்தரப்படுகின்றன. கூர்மையான பென்சிலும் நிதானமும் இருந்தால் எந்தப் பிள்ளையும் தேறிவிடும்.

என் மனக்குறை முழுவதும் நினைவிலிருந்து வரையும் தாளைப் பற்றியது. திருவிழா, சந்தை, பேருந்து நிறுத்தம், விளையாட்டு மைதானம் போன்ற தலைப்புகளில் மனிதர்கள் இருக்கும் காட்சி ஒன்றை மாதிரி எதுவுமின்றி இரண்டு மணி நேரத்தில் வரைந்து வண்ணம் தீட்ட வேண்டும். இதற்காக இந்த வகுப்பில் நகலெடுத்த தாள்கள் கொடுக்கப்படுகின்றன. முதுகு காட்டி நிற்கும் பெண், கையைத் தூக்கிய சிறுவன், கூடையோடு உட்கார்ந்திருக்கும் கிழவி, பலூன் விற்பவர் என்று சில உருவங்கள் அவற்றில் இருக்கும். அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, எந்தத் தலைப்பு வந்தாலும் அங்கங்கே பொருத்திவிட வேண்டும் என்பதே பயிற்சி. விளைவாக, மாதிரித் தேர்வில் எல்லாப் பிள்ளைகளின் படத்திலும் அதே பலூன்காரர் இடப்பக்க மூலையில் நிற்கிறார். செம்பைப் பார்க்கக் கற்றுக்கொடுத்த அதே ஆசிரியர் மனிதரைப் பார்க்க விடுவதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

கிங்ஸ் சர்க்கிள் பக்கம் பூக்கடைகளுக்குப் போகும்போதெல்லாம் ஒரு சிறிய நோட்டையும் பென்சிலையும் மகளுக்குக் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். பூத்தொடுப்பவர் ஒரு காலை மடக்கி, உடம்பின் கனத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, கழுத்தைக் குனிந்தபடி நாரை இழுக்கும் நிலையை அவள் பல கோணங்களில் வரைந்துவைத்திருந்தாள். சந்தை என்ற தலைப்பு வந்த மாதிரித் தேர்வில் அந்த உருவத்தையே முன்னால் பெரிதாக வரைந்தாள். தோளின் அளவு சற்றுப் பிசகியிருந்தது உண்மைதான். ஆசிரியர் தோளைத் திருத்துவதற்குப் பதிலாக முழு உருவத்தையும் ரப்பரால் அழித்துவிட்டு, கூடைக் கிழவியை அங்கே வரைந்துகொடுத்தார். கேட்டதற்கு, தேர்வில் நேரம் போதாது, தெரிந்த உருவமே பாதுகாப்பு என்றார். பயந்துபோய் வெறுந்தாளைக் கொடுத்துவிட்டு வரும் பிள்ளைகளை அவர் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறார் என்பதால் அந்தப் பதிலை முழுவதும் தள்ளிவிட முடியாது. இருந்தாலும், கையில் சில உருவங்களை வைத்துக்கொண்டே வெளியில் பார்த்ததையும் சேர்க்கப் பழக்கலாம் அல்லவா? வாரம் அரைமணி நேரம் பிள்ளைகளையே மாறிமாறி நிற்கவைத்து வரையச் சொன்னால் போதும்.

மற்றபடி, இடம் நெருக்கடியானது. பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் சேர்ந்தால் பின்வரிசையில் இருப்பவர்களுக்கு மேசையில் உள்ள பொருள் சரியாகத் தெரிவதில்லை. காலை வகுப்பில் சேர்த்தால் சன்னல் வெளிச்சமாவது கிடைக்கும். மாலையில் இரண்டு டியூப்லைட்டுகளின் வெளிச்சத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு நிழல் விழுகிறது, பிள்ளைகள் குழம்பிப்போகிறார்கள். கட்டணம் இந்தப் பகுதிக்கு நடுத்தரம். தாள், வண்ணம், தூரிகை நம் செலவு. தேர்வுக்கான பெயர்ப் பதிவைப் பள்ளியில்தான் கேட்டு முடிக்க வேண்டும். வகுப்பு பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட வேண்டாம்.

மத்திய வாரியப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த 7 மதிப்பெண் கிடையாது. அவர்களையும் சேர்க்கலாமா என்று கேட்டால், சேர்க்கலாம் என்றே சொல்வேன். 1857 முதல் இயங்கிவரும் ஜே.ஜே. கலைப்பள்ளி போன்ற இடங்களில் பி.எஃப்.ஏ. என்னும் நுண்கலைப் பட்டப்படிப்பில் சேர மாநில நுழைவுத் தேர்வு எழுதும்போதும் பொருள் வரைதல், நினைவு வரைதல், டிசைன் ஆகிய இவையே மீண்டும் வருகின்றன. அந்த எண்ணத்தோடு சேர்ப்பவர்கள் நினைவு வரைதலுக்கு மட்டும் இந்த வகுப்பை நம்பியிருக்காமல், முதல் நாளிலிருந்தே பிள்ளையின் பையில் ஒரு தனி நோட்டைப் போட்டுவிடுவது நல்லது. ரயிலில் உட்கார்ந்திருப்பவர்களை வரைந்தாலே நிறையக் கிடைக்கும்.