எபிரெய வேதாகமத்தோடு 11 வருடம்: கனக்கிற ஒரு சொல்

பைண்டிங்குக்குக் கொடுத்திருந்த என் எபிரெய வேதாகமம் நேற்று திரும்பி வந்தது. அதே வாரத்தில் சபை நண்பர் ஒருவர், "அண்ணே, நீங்க வச்சிருக்கிற மாதிரி நானும் ஒண்ணு வாங்கலாமா, யாத்திராகமம் நடத்தப்போறேன், பிரயோஜனப்படுமா?" என்று வாட்ஸப்பில் கேட்டிருந்தார். மூன்று வரியில் பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை.

முதலில் பைண்டிங். தையல் நன்றாக இருக்கிறது, முதுகுக்குப் புதுத் துணி ஒட்டியிருக்கிறார்கள், புத்தகம் இப்போது மேஜையில் விரித்தால் விரித்தபடி கிடக்கிறது. ஆனால் ஓரம் சமமாக வரவேண்டும் என்று கட்டிங் மெஷினில் கொடுத்து அரை விரல் அகலம் வெட்டிவிட்டார்கள். அந்த அரை விரலில்தான் என் பென்சில் குறிப்புகள் இருந்தன. 11 வருடக் குறிப்புகள். "ஓரத்தை வெட்டாதீங்க" என்று நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ஆனால் ஓரம் முழுக்க எழுதியிருப்பதைப் பார்த்தும் வெட்டியதை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. என்னிடம் இருக்கிற பதிப்பு, 1008-ல் கையால் எழுதப்பட்ட லெனின்கிராட் ஏடு என்ற பழைய எபிரெயப் பிரதியை அடியொற்றியது. அந்த ஏட்டின் ஓரங்களில் மசோராக் குறிப்புகள் இருக்கும்: இந்தச் சொல் இன்னொரு இடத்தில் வராது, இந்த வடிவம் இத்தனை தடவை வரும் என்று ஒவ்வொன்றாக எண்ணி வைத்திருப்பார்கள், படியெடுக்கிறவன் ஓர் எழுத்தைக்கூட விட்டுவிடக் கூடாது என்பதற்காக. ஆயிரம் வருடம் அந்த ஓரங்கள் தப்பி வந்திருக்கின்றன. என் ஓரம் ஒரே மதியத்தில் போய்விட்டது.

சரி, போனது போகட்டும் என்று அழிந்த குறிப்புகளைத் திரும்ப எழுத ஆரம்பித்தேன். யாத்திராகமம் என்பது மோசே இஸ்ரவேலரை எகிப்திலிருந்து மீட்டு வருகிற கதை; அவர்களை விடமாட்டேன் என்கிற எகிப்து ராஜா பார்வோன்மேல் கர்த்தர் வாதைகளை அனுப்புகிறார். அதில் பக்கத்துக்குப் பக்கம் நான் எழுதியிருந்தது ஒரே சொல்: கனம்.

இது எங்கே தொடங்கியது என்று சொல்ல வேண்டும். எங்கள் சனிக்கிழமை வேதபாடத்தில் ஒரு வயதான அம்மா, ஏழாம் அதிகாரம் வாசித்து முடித்ததும், "கர்த்தரே பார்வோன் மனச கடினப்படுத்திட்டா அவன் மேல என்ன தப்பு தம்பி?" என்று கேட்டார்கள். நான் ஏதோ சொன்னேன். சொன்னதில் எனக்கே நிறைவில்லை. அன்று ராத்திரி எபிரெயத்தை எடுத்து வைத்துப் பார்த்தபோது, தமிழில் நாம் "கடினப்படுத்தினார்", "கடினப்பட்டது" என்று வாசிக்கிற இடங்களில் எபிரெயத்தில் மூன்று வேறு சொற்கள் இருந்தன. ஹாசக், அதாவது உறுதியாக்குவது. யோசுவாவிடம் "பலங்கொண்டு" இரு என்று சொல்லும்போது வருகிற அதே சொல். காஷா, அதாவது கடினம். இது 7:3-லும் 13:15-லும் மட்டும். மூன்றாவது காவேத், பாரம், கனம். தவளைகள் செத்து மூச்சுவிட நேரம் கிடைத்ததும் பார்வோன் தன் இருதயத்தைத் தானே கனமாக்கிக்கொள்கிறான், வண்டுகள் போனதும் மறுபடியும் தானே. வாதைகள் தொடங்கிய பிறகு கர்த்தர் அவன் இருதயத்தை உறுதியாக்கினார் என்று கதை சொல்வது 9:12-ல்தான் முதல்தடவை. அப்படிச் செய்வேன் என்று 4:21-லும் 7:3-லும் முன்னமே சொல்லியிருக்கிறாரே என்பது உண்மை, அதை மறைத்துப் பதில் சொல்லக் கூடாது. ஆனாலும் மூன்று சொற்களையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் அந்த அம்மாவின் கேள்விக்கு நேர்மையாகப் பேசவே முடியும்.

அப்புறம் அந்தக் காவேத் என்னை விடவில்லை. மோசே "நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்" என்கிறானே, எபிரெயத்தில் கனத்த வாய், கனத்த நாவு. வாதைகளில் "மகா கொடிதான கொள்ளைநோய்", கனத்த நோய். கல்மழையும் கனம், வெட்டுக்கிளிகளும் கனம். செங்கடலில் எகிப்தியர் இரதங்களை "வருத்தத்தோடே" நடத்தினார்கள் என்பது கனத்தோடே நடத்தினார்கள் (அந்த வடிவம் எபிரெய வேதாகமம் முழுவதிலும் அந்த ஓர் இடத்தில்தான் வருகிறது). அமலேக்கோடு யுத்தம் நடக்கையில் மோசேயின் கைகள் "அசர்ந்துபோயிற்று", கனத்துப்போயிற்று. மாமனார் எத்திரோ வந்து இது உனக்குப் பாரம் என்கிறாரே, அதுவும் இதே சொல்தான். இவை எல்லாவற்றுக்கும் நடுவில் 14-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் "பார்வோனால் நான் மகிமைப்படுவேன்" என்கிறார். மகிமை, காவோத், அதே வேர். தன் இருதயத்தைக் கனமாக்கிக்கொண்டவனை வைத்தே கர்த்தர் தம்முடைய கனத்தைக் காட்டுகிறார், அவன் சேனை கல்லைப்போலவும் ஈயத்தைப்போலவும் அமிழ்ந்துபோகிறது. கடைசி அதிகாரத்தில் அந்தக் காவோத், கர்த்தருக்கென்று போட்ட கூடாரமாகிய வாசஸ்தலத்தை நிரப்புகிறது, மோசேயாலேயே உள்ளே போக முடியவில்லை. எகிப்தியர் செத்தவனின் இருதயத்தைத் மறுமையில் தராசில் ஒரு இறகுக்கு எதிராக நிறுத்துப் பார்ப்பார்கள், இருதயம் கனத்தால் அவன் தொலைந்தான் என்று நம்பினார்கள். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிற, ஆனி என்ற எகிப்தியனுக்காக எழுதிய பாப்பிரஸ் சுருளில் அந்தப் படத்தைப் பார்க்கலாம். கனத்த இருதயம் என்றால் அந்த ஊர்க்காரனுக்கு என்ன அர்த்தமாகியிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது, 11 வருடமாக ஆறாத கோபம். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இந்தப் புத்தகத்தைக் கிரேக்கத்துக்குப் பெயர்த்தவர்கள் பார்வோன் இருதயத்துக்குப் பாரம் என்ற சொல்லைக் காப்பாற்றினார்கள், ஆனால் மகிமைக்கு வேறு சொல்லுக்குப் போக வேண்டியிருந்தது, அவர்கள் மொழியில் வழியில்லை. தமிழில் வழி இருந்தது! மனசு கனக்கிறது என்கிறோம், மூட்டை கனக்கிறது என்கிறோம், கனம் கோர்ட்டார் அவர்கள் என்று மனுவில் எழுதுகிறோம். பாரமும் மரியாதையும் ஒரே சொல்லில் எபிரெயத்தைப் போலவே நம்மிடம் இருக்கின்றன. 1871-ல் வந்த நம் பழைய மொழிபெயர்ப்பில் "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்று போட்டிருக்கிறார்களே, அங்கே எபிரெயத்தில் இருப்பதும் இதே வேர்தான்! கையில் சாவி இருந்தது, ஒரு கதவை மட்டும் திறந்தார்கள்.

நியாயமாகவும் பேச வேண்டும். அதே மொழிபெயர்ப்பு 8:15-ல் "இலகுவுண்டாயிற்றென்று" பார்வோன் கண்டான் என்கிறது. இலகு! எபிரெயச் சொல்லுக்கு ஆறுதல், இடைவெளி என்று பொருள், அதற்கு இவ்வளவு அழகான தமிழ் போட்டவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. அந்தத் தமிழில்தான் என் அம்மா ஜெபித்தார்கள், எனக்கும் ஜெபம் அந்தத் தமிழில்தான் வரும். ஆனால் இலகு என்று எழுதிய அடுத்த சொற்களிலேயே கனமாக்கினான் என்று வந்திருக்க வேண்டாமா?

எபிரெயப் புத்தகத்தின் குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடிக்குறிப்புகள் லத்தீன் சுருக்கெழுத்தில், பொடி எழுத்தில். பாதிக்கு மேல் நான் பயன்படுத்துவதே இல்லை. வசன எண்கள் தமிழோடு ஒத்துவராது, நம் 8:15 அதில் 8:11, சங்கீதங்களில் பல இடத்தில் தலைப்பையும் வசனமாக எண்ணுவதால் ஒன்று தள்ளிப்போகும், மல்கியாவில் நான்காம் அதிகாரமே கிடையாது. கூட்டத்தில் ஒருவர் வசனம் சொல்லும்போது நான் மட்டும் பக்கம் தேடிக்கொண்டிருப்பேன்.

ஆக, தம்பி, கேட்டதற்குப் பதில்: இப்போது வாங்க வேண்டாம். இவ்வளவு சொல்லிவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் இருக்கிற எபிரெய வேர்ச்சொல்லை எண் போட்டுக் காட்டுகிற இலவச செயலி ஒன்று போனில் இருந்தால் காவேத்தைத் தொடர்ந்து போக அதுவே போதும். அதோடு, எபிரெயத்தைப் பார்த்த பிறகு சபையில் எழுந்து யாத்திராகமம் வாசிக்கும்போது "கடினப்பட்டது" என்று வருகிற ஒவ்வொரு இடத்திலும் எனக்கு நாக்கு தடுக்குகிறது, முன்பு வாசித்த நிம்மதி திரும்பவில்லை. நீங்கள் ஒரு வருடமாவது அந்த நிம்மதியோடு முழுப் புத்தகத்தையும் தமிழில் வாசித்து நடத்துங்கள்.

வருகிற சனிக்கிழமை எங்கள் வீட்டில் 14-ஆம் அதிகாரம். உங்கள் தமிழ் வேதாகமத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள், பென்சிலும். எபிரெயம் என்னிடம் இருக்கிறது, ஓரம்தான் கொஞ்சம் குறைவு.