1973 கோல்பே முதல் நாள் உறை வாங்குகிறீர்களா? உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

எங்கள் பெரியப்பா மறைசாட்சிகளின் (நம்பிக்கைக்காக உயிர்விட்ட கிறிஸ்தவர்களின்) படம் போட்ட தபால்தலைகளை மட்டும்தான் சேர்ப்பார். சிங்கப்பூர் நல்லாயன் பேராலயத்தில் இருக்கும் புனித இம்பெர்ட்டின் திருப்பண்டத்தை (பாதுகாத்து வைத்திருக்கும் உடல் எச்சத்தை) பார்த்துத்தான் இந்தப் பைத்தியம் பிடித்ததாம். 1821இல் சிங்கப்பூர் வந்து, 1839இல் கொரியாவில் தலை வெட்டப்பட்டவர் அவர். பெரியப்பா அந்தக் கதையை மாதம் ஒருமுறை சொல்வார். நாங்களும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்போம்.

அவருடைய 75ஆவது பிறந்தநாளுக்காகப் பழைய பொருள் விற்கும் ஒரு செயலியில் தேடினேன். நாஜிகளின் அவுஷ்விட்ஸ் முகாமில் உயிர்விட்ட பாதிரியார் மாக்சிமிலியன் கோல்பேக்காக மேற்கு ஜெர்மனி 1973இல் வெளியிட்ட தபால்தலை கிடைத்தது, முதல் நாள் உறையோடு (தபால்தலை வெளியான அன்றே அதை ஒட்டி முத்திரை குத்திய உறை). கூடவே 1965இல் வத்திகான் வெளியிட்ட உகாண்டா மறைசாட்சிகள் செட். "ரொம்ப ரேர், 120 வெள்ளி" என்றார் விற்றவர். கேட்டதும் 85க்கு இறங்கினார். அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஃபேரர் பார்க் எம்ஆர்டியில் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே பிளாஸ்டிக் கவரை நீட்டினார். "அண்ணே, டிரெயின் வந்துருச்சு, பேநவ் பண்ணிடுங்க." நானும் பண்ணிவிட்டேன்.

பெரியப்பா முதலில் வத்திகான் செட்டைத் திருப்பிப் பார்த்தார். 'ஆல்பத்தில் ஒட்டாத புதுசு' என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. பின்பக்கப் பசையிலோ ஒட்டி உரித்த தடம், நகக்கண் அளவுக்குப் பழுப்பாக. சரி, அதுகூடப் பரவாயில்லை.

அப்புறம் உறை. இடது மூலையில் கோடுபோட்ட கைதி உடையில் கோல்பே, அவுஷ்விட்ஸில் அவருக்குக் கொடுத்த 16670 என்ற எண், கீழே ஜெர்மன் மொழியில் 'ஹைலிகர் மாக்சிமிலியன் கோல்பே'. ஹைலிகர் என்றால் புனிதர். பெரியப்பா சிரித்துவிட்டார். கோல்பே, புனிதருக்கு முந்தைய படியான அருளாளர் ஆனது 1971இல். புனிதர் பட்டம் கிடைத்தது 1982 அக்டோபர் 10ஆம் தேதி. 1973இல் உறை அச்சடித்தவனுக்கு ஒன்பது வருஷம் கழித்து நடக்கப்போவது எப்படித் தெரியும்? பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினார்: படத்தின் நீல மை, அஞ்சல் முத்திரையின் ஓர வளையத்துக்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. தபால்தலையும் முத்திரையும் அசலாம். வெறும் உறையாக இருந்ததில் பிற்பாடு யாரோ படம் அடித்து விலையை ஏற்றியிருக்கிறார்கள்.

மறுநாள் தபால்தலைக் கடை ஒன்றில் காட்டினேன். இரண்டுக்கும் சேர்த்துப் பத்து வெள்ளி தருவதாகச் சொன்னார், அதுவும் யோசித்துவிட்டு.

விற்றவருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, அடுத்த நிமிடம் பிளாக். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம்தான். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். ஆனால் யார் மேல், எந்த முகவரியில் வழக்குப் போடுவது? என்னிடம் இருப்பது பேநவில் தெரிந்த அரைப்பெயர் மட்டும். வாங்குவதாக இருந்தால் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள், பொருளை வெளிச்சத்தில் பார்த்தபிறகு காசு கொடுங்கள். அவசரப்படுத்தினால் அவரை டிரெயின் ஏறவிட்டுவிடுங்கள்.

நேற்று அதே செயலியில் ஒரு புதுக் கணக்கு. படத்தில் அதே பச்சை மேசைவிரிப்பு. இந்த முறை, அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்ட கன்னியாஸ்திரி எடித் ஸ்டைனின் 1983 முதல் நாள் உறை, 60 வெள்ளி, அதிலும் 'புனித' என்று அச்சடித்திருக்கிறது. அவர் அருளாளர் ஆனதே 1987இல்தான். புனிதர் ஆனது 1998இல்.