வைக்கோல் யாருக்கு: எத்தனாலுக்கா, கேஸுக்கா, மாட்டுக்கா?

தை பிறந்துவிட்டால் மன்னார்குடி - நீடாமங்கலம் சாலையில் வைக்கோல் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளாமல் ஊர் போய்ச் சேர முடியாது. இரண்டு பக்கமும் பிதுங்கிய பாரம், வழியிலுள்ள புளியமரத்துக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மாட்டிவிட்டுப் போகும். "பெட்ரோல் போவுது பாரு" என்பார் சித்தப்பா. வைக்கோலிலிருந்து, பெட்ரோலில் கலக்கும் எத்தனால் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து இந்தக் கிண்டல்.

அரிசியிலிருந்தே எடுக்கும் எத்தனாலை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். ஒரு டன் அரிசிக்கு 450 லிட்டர் வரை கிடைக்கும், உண்மைதான். ஆனால் அரிசிக்கு நெருக்கடி வந்தால் முதலில் நிற்பது அதுதான். 2023 ஜூலையில் இந்திய உணவுக் கழகம் ஆலைகளுக்கு அரிசி கொடுப்பதை நிறுத்தியது. பிறகு மறுபடி திறந்தார்கள். கொள்முதல் நிலைய வாசலில் முளைத்துப்போன நெல்லையாவது கொடுக்கலாமே என்பார்கள். முளைக்காமல் வாங்கியிருக்கலாமே என்பதுதான் என் கேள்வி.

வைக்கோல் எத்தனாலுக்கு எல்லோரும் காட்டுவது ஹரியானாவின் பானிபட்டை. இந்தியன் ஆயில் 900 கோடி ரூபாய்க்கு மேல் போட்டுக் கட்டி, 2022 ஆகஸ்டில் திறந்த ஆலை. வருஷத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் 3 கோடி லிட்டர் என்பது திட்டம். வகுத்தால் டன்னுக்கு 150 லிட்டர். வைக்கோலில் இருக்கும் சர்க்கரையை, தண்டுக்கு விறைப்பு தரும் லிக்னினும் மணல்சத்தான சிலிக்காவும் பூட்டி வைத்திருக்கின்றன. அமிலமும் நீராவியும் வைத்துப் பூட்டை உடைத்து, நொதி போட்டு, அப்புறம்தான் ஈஸ்டுக்கு வேலை.

2 லட்சம் டன் என்றால், ஏக்கருக்கு 2 டன் வைத்தாலும், ஒரு லட்சம் ஏக்கர். சம்பா, தாளடி அறுப்பு முடிகிற கொஞ்ச நாளுக்குள் கட்டி, ஏற்றி, நனையாமல் வருஷம் பூரா அடுக்கி வைக்க வேண்டும். குறுவை வைக்கோலை நம்ப முடியாது. ஐப்பசி மழை பிடித்தால் வயலிலேயே கறுத்துவிடும். அதைவிட முக்கியம், வடக்கே கோதுமை விதைக்கும் அவசரத்தில் வைக்கோலைக் கொளுத்துகிறார்கள். அங்கே அது தொல்லை. இங்கே அது காசு, கேரளா வரைக்கும் போகிற தீவனம். அவர்கள் வியாதிக்கு எழுதிய மருந்தை நாம் ஏன் குடிக்க வேண்டும்?

பசுமை வேதியியலுக்கு 1998இல் அனஸ்டாஸும் வார்னரும் வகுத்த பன்னிரண்டு விதிகளில் இரண்டாவது, போட்ட அணுவில் எவ்வளவு பொருளாகக் கைக்கு வந்தது என்று கேட்கிறது. 180 கிலோ குளுக்கோஸைப் புளிக்கவைத்தால் ஏட்டுக் கணக்கில் 92 கிலோ எத்தனால். மீதி கரியமில வாயு. அதையே காற்றில்லாமல் மட்கவைத்தால் 48 கிலோ மீத்தேன்தான், சாண எரிவாயுவில் எரிகிற அதே வாயு. தோற்ற மாதிரி தெரிகிறதா? எரித்துப் பாருங்கள், இரண்டும் தரும் வெப்பம் ஏறக்குறைய சமம். எத்தனாலைத் தண்ணீரிலிருந்து பிரிக்கக் காய்ச்சி வடிக்க வேண்டும். வாயு தானே மேலே வந்துவிடும். வண்டிக்கு என்றால் சுத்தம் செய்து அழுத்தி அடைக்கும் செலவு தனி. இருந்தாலும் என் மனசு இங்கேதான் கேஸ் பக்கம் சாய்ந்தது.

சிக்கல் பேரில் இருக்கிறது. மீத்தேன் என்று சொல்லிவிட்டு எங்கள் பக்கத்து டீக்கடையில் நிம்மதியாக டீ குடிக்க முடியாது. மன்னார்குடி வட்டார மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், 2013 டிசம்பரில் அத்திவெட்டியில் இறந்தார். அப்புறம் 2017இல் நெடுவாசல் போராட்டம், 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். ஆனால் அது பூமிக்கடியில் கோடிக்கணக்கான வருஷம் கிடந்த கார்பன். நிலக்கரிப் படுகைத் தண்ணீரை இறைத்துத்தான் எடுக்க வேண்டும். வைக்கோல் கேஸோ, போன ஆவணியில் விதைத்த நெல் காற்றிலிருந்து இழுத்த கார்பன். மூலக்கூறு ஒன்று, சங்கதி வேறு.

கேஸும் சொக்கத்தங்கம் இல்லை. எங்கள் கொல்லையில் இரும்பு டிரம் கவிழ்த்த சாண எரிவாயுக் கலன் இருந்தது. சாணி குறைந்த ஒரு வருஷம், வைக்கோலை நறுக்கிக் கரைத்து ஊற்றினேன். அது மிதந்து, மேலே தடியாக ஆடை கட்டி, டிரம் எழும்பவே இல்லை. சித்தப்பாதான் மூங்கில் கம்பை விட்டுக் குத்திக் கலக்கினார். இரண்டு நாள் கையில் நாற்றம். வைக்கோலில் கார்பன் அதிகம், தழைச்சத்து குறைவு. சாணம் சேர்ந்தால்தான் கிருமி வேலை செய்யும்.

ஆனால் மிச்சத்தைப் பாருங்கள். ஒரு டன் வைக்கோலில் 14 முதல் 20 கிலோ பொட்டாசியம். ஏக்கருக்கு இரண்டு டன் லாரியேறினால், கூடவே ஒரு மூட்டைப் பொட்டாஷுக்கு மேல் ஊரை விட்டுப் போகிறது. ஆலைக்குப் போனது திரும்பாது, கேரளாவுக்குப் போனதும்தான். உள்ளூர் மாடு தின்றால் எருவாகத் திரும்பும், கலனில் போட்டால், வாயு போக மிஞ்சும் குழம்பாகத் திரும்பும்.

ஆகவே, நல்ல சம்பா வைக்கோல் நம்மூர் மாட்டுக்கு. நனைந்து கறுத்த குறுவை வைக்கோல், சாணியோடு, நாலைந்து ஊருக்குப் பொதுவான கேஸ் கலனுக்கு. ஈரம் கலனுக்கு ஒரு குறையே இல்லை, தூரம்தான் ஆகாது. எத்தனால் ஆலை டெல்டாவுக்கு வேண்டாம்.

சித்தப்பா பொறுமையாகக் கேட்டார். "வைக்கோல ஏத்திக்கிட்டுப் போவ வண்டி வரும், சரி. அந்தக் கொழம்பு முக்காவாசிக்கு மேல தண்ணியால்லடா இருக்கும்? அத நம்ம வயலுக்கு யாரு திருப்பிக் கொண்டாந்து ஊத்துவா? வண்டி வாடகை யாரோடது?"

அந்தக் கணக்கை இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.