வனத்து அந்தோனியார் குகைக்கு கார் டூர்: போங்க, ஆனா இந்த ஒரு நாள் பேக்கேஜ் வேணாம்

கெய்ரோவுல ஒரு டூர்காரங்க கிட்ட ஒரு நாள் பேக்கேஜ் எடுத்து செங்கடல் பக்கம் இருக்குற ரெண்டு பழைய கிறிஸ்தவ துறவி மடத்துக்கு அம்மாவும் நானும் போயிட்டு வந்தோம், நம்ம ஊர்ல வனத்து அந்தோனியார், வனத்து சின்னப்பர்னு கும்பிடுறோமே அவங்க வாழ்ந்த எடம். கோடி அற்புதர் பதுவை அந்தோனியார் வேற, இவர் அவருக்கு ரொம்ப முந்தி, 356ல இறந்தவர்.

வண்டி சுத்தம், ஏசி நல்லா இருந்துச்சு, டிரைவர் தங்கமான மனுஷன். பிரச்சனை முழுக்க டைம் தான். போகவே 300 கிலோமீட்டருக்கு மேல, அதுல ரெண்டு மடத்தையும் அன்னைக்கே முடிக்கணும்னு கைடு ஆரம்பத்துல இருந்தே விரட்டுறார். அந்தோனியார் குகை மலை மேல, ஆயிரம் படிக்கு மேல ஏறணும், எங்களுக்கு குடுத்தது ஏறி இறங்க ஒன்றரை மணி நேரம். அம்மாவுக்கு 64 வயசு, முட்டி வலி, உட்கார்ந்து உட்கார்ந்து தான் ஏறுனாங்க.

குகைக்குள்ள போற வழி ஒரு ஆள் ஒடுங்கிப் போற சந்து மாதிரி, மொபைல் டார்ச் அடிச்சுக்கிட்டு போனா உள்ள சின்னதா ஒரு அறை, பலிபீடம், அவ்ளோதான். இங்க வர்றதுக்கு முன்னாடியே ஒரு பாழடைஞ்ச கோட்டைக்குள்ள கதவ அடைச்சுக்கிட்டு 20 வருஷம் தனியா இருந்தவர் அவர், வருஷத்துக்கு ரெண்டு தடவை மேல இருந்து ரொட்டி எறக்குவாங்களாம். அப்புறம் இந்த மலைக்கு வந்து, தனக்கு ரொட்டி கொண்டு வர்றவங்களுக்கு கஷ்டம் வேணாம்னு தானே பயிர் வெச்சிருக்கார். அந்த எடத்துல அம்மா ஜெபமாலை எடுத்து ஒரு பத்து மணி முடிக்கல, வெளிய இருந்து கைடு நேரமாச்சு நேரமாச்சுன்னு கூப்பிடுறார். அத என்னால இன்னும் மறக்க முடியல.

கீழ மடம் அருமை. டிக்கெட் எதுவும் கேக்கல, ஒரு அபூனா (அங்க சாமியார அப்படித்தான் கூப்பிடுறாங்க) பொறுமையா சுத்திக் காட்டுனார். பழைய கோயில் சுவர்ல 13ஆம் நூற்றாண்டு ஓவியங்கள், புகைக்கரி படிஞ்சு கிடந்தத 1990கள்ல சுத்தம் பண்ணிருக்காங்க, இப்ப சிவப்பும் மஞ்சளும் பளிச்சுனு இருக்கு. இன்னொரு கோயில்ல தரைக்கு அடியில தோண்டி எடுத்த பழைய துறவிங்களோட அறையக் கண்ணாடி வழியா பாக்கலாம். அந்தக் காலத்துல மடத்துக்குள்ள ஆளயும் சாமானயும் கயித்துல கட்டி மேல தூக்குன எடமும் இருக்கு, கட்டாயம் கேட்டுப் பாருங்க.

சின்னப்பர் மடம் மலைக்கு அந்தப் பக்கம் தான், ஆனா ரோடு கடற்கரைய சுத்திப் போகுது. சின்னப்பருக்கு தினமும் காக்கா அரை ரொட்டி கொண்டு வரும், அந்தோனியார் பாக்க வந்த அன்னைக்கு முழு ரொட்டி கொண்டு வந்துச்சுன்னு சொல்வாங்களே, அவர் இருந்த குகையே இப்ப கோயில். அங்க அரை மணி நேரம் கூட நிக்க விடல.

வண்டிக்கு அஞ்சுக்கு நாலு, பேக்கேஜுக்கு ரெண்டு. கைடு வேணாம், வண்டிய மட்டும் பேசி எடுங்க, ஒரு நாளைக்கு ஒரு மடம் போதும். விடியறதுக்கு முன்ன கிளம்புங்க, வெயில் ஏறதுக்குள்ள குகைக்குப் போயிருங்க, தண்ணியும் ஷூவும் முக்கியம். கிறிஸ்தவங்க நோன்பு காலமா இருந்தா மடம் திறந்திருக்கான்னு முதல்ல விசாரிச்சுக்கோங்க.