உப்புக்காற்றில் எந்த போன் நிற்கும்? வடசென்னைக்கு ஓர் ஒப்பீட்டு அலசல்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டி வாழ்பவர்கள் ஸ்மார்ட்போன் வாங்கும்போது போடவேண்டிய கணக்கு, நாள் முழுவதும் குளிர்சாதன அறைக்குள் வேலை பார்ப்பவர்களின் கணக்கு அல்ல. இங்கே ஒரு போன் உப்புக்காற்றையும் வியர்வையையும், எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசியையும், பைக்கின் கைப்பிடியில் மாட்டிய ஸ்டாண்டில் ஓயாமல் வரும் அதிர்வையும் தாங்கியாக வேண்டும். எனவே இந்த அலசலில் கேமராவின் மெகாபிக்சல் எண்ணிக்கைக்கு இடம் தரவில்லை; கட்டமைப்பின் உறுதி, விலை, அந்த விலைக்கு எத்தனை ஆண்டு உழைப்பு கிடைக்கும் என்பவற்றை மட்டும் பார்க்கிறேன். எடுத்துக்கொண்ட மாடல்கள் அனைத்தும் 2024-இல் இந்தியச் சந்தைக்கு வந்தவை. குறிப்பிடும் விலைகள் அறிமுக விலைகளே, இன்றைய கடை விலை மாறியிருக்கும்.

முதலில், தூசியையும் தண்ணீரையும் போன் எந்த அளவுக்குத் தடுக்கும் என்பதைக் காட்டும் ஐபி எண்ணைப் பற்றித் தெளிவாக இருப்பது நல்லது, ஏனெனில் விற்பனையாளர்கள் இதைத்தான் அதிகம் குழப்புகிறார்கள். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி54 என்றால் தூசி ஓரளவு தடுக்கப்படும், தண்ணீர் தெறித்தால் தாங்கும், அவ்வளவே. ஐபி67 என்றால் தூசி முற்றிலும் புகாது, ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் பாதிப்பு இருக்காது. ஐபி68-இல் ஆழத்தை நிறுவனமே அறிவிக்கிறது. ஐபி69 என்பது அழுத்தத்துடன் பீய்ச்சப்படும் வெந்நீருக்கான சோதனை. இவை எல்லாமே நன்னீரில் செய்யப்படும் சோதனைகள் என்பதை எந்த விளம்பரமும் பெரிய எழுத்தில் போடுவதில்லை. காசிமேட்டில் ஏலக்கூடத்து ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீரும் சேர்ந்து நனைத்த போனுக்கு எந்த ஐபி எண்ணும் உத்தரவாதம் ஆகாது. தண்ணீரால் வந்த பழுதைப் பெரும்பாலான நிறுவனங்களின் வாரண்டியும் ஏற்பதில்லை. உப்பீரம் படிந்த சார்ஜிங் பின்னில் மின்சாரம் பாயும்போதுதான் அரிப்பு வேகமெடுக்கிறது. பின்னுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் தாமிரம் பச்சை பூத்திருப்பது கண்ணுக்கே தெரியும். எந்த பிராண்ட் ஆனாலும் நனைந்த போனை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, சார்ஜிங் பின் நன்றாக உலர்ந்த பிறகே சார்ஜில் போட வேண்டும்.

19,000 ரூபாயை ஒட்டிய விலையில் நேருக்கு நேர் நிற்பவை சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி-யும் ரெட்மி நோட் 14 5ஜி-யும். காகிதத்தில் பார்த்தால் ரெட்மியே முந்துகிறது. ஏ16-க்கு ஐபி54, ரெட்மிக்கு ஐபி64. ஏ16-இல் டைமென்சிட்டி 6300 சிப், ரெட்மியில் அதைவிட வேகமான 7025 அல்ட்ரா. ரெட்மியின் பெட்டிக்குள் 45 வாட் சார்ஜர் இருக்கிறது. சாம்சங் பெட்டியில் கேபிள் மட்டுமே, சார்ஜருக்குத் தனியாக ஆயிரத்துக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். சாம்சங்கின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. ஆறு ஆண்ட்ராய்டு மேம்படுத்தல்களும் ஆறு ஆண்டுப் பாதுகாப்பு அப்டேட்டும் தருவதாக அந்நிறுவனம் வாக்களித்திருக்கிறது. இந்த விலையில் ரெட்மி அந்த அளவுக்கு வாக்களிக்கவில்லை. ஆனால் 6300 சிப்பை ஆறாவது ஆண்டில் யார் பொறுமையாகப் பயன்படுத்துவார்கள் என்ற கேள்வியும் நியாயமானதே. வாட்ஸ்அப், யுபிஐ, யூடியூப் என்ற அளவில் பயன்படுத்தும் பெற்றோருக்கு வாங்கித் தருவதென்றால் அந்த ஆறு ஆண்டு உண்மையிலேயே பயன்படும், அதிலும் வங்கிச் செயலிகள் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போன்களை ஐயத்தோடு பார்க்கும் இந்தக் காலத்தில். கேம் ஆடும் கல்லூரி மாணவருக்கு அது வெறும் எண்.

இவ்விரண்டுக்கும் இடையே விமர்சனங்கள் தொடாத ஒரு வேறுபாடு உண்டு. போன் கீழே விழுந்து டிஸ்ப்ளே போனால், வண்ணாரப்பேட்டையிலோ பர்மா பஜாரிலோ உள்ள சர்வீஸ் கடையில் கேட்கும் முதல் கேள்வி, காம்போ (திரையும் அதன் மேல் தொடு கண்ணாடியும் சேர்ந்த தொகுதி) ஒரிஜினலா காப்பியா என்பதுதான். இரண்டு போன்களிலும் இருப்பது அமோலெட் திரை; ஒரிஜினல் காம்போவின் விலை போன் விலையில் கணிசமான பங்கை விழுங்கிவிடும். ஆகவே பலரும் வேறு வகைத் திரையான, விலை குறைந்த எல்சிடி காப்பியைப் போட்டுக்கொள்கிறார்கள். ரெட்மி நோட் 14-இல் கைரேகை சென்சார் திரைக்கு அடியில் இருக்கிறது. அது திரையின் ஒளியைக் கொண்டே ரேகையைப் படிக்கிறது என்பதால் எல்சிடி காப்பி மாட்டியதும் கைரேகைப் பூட்டு வேலை செய்யாமல் போய்விடும். ஏ16-இல் சென்சார் பக்கவாட்டுப் பவர் பட்டனிலேயே இருப்பதால் எந்தத் திரை மாட்டினாலும் அது பிழைத்துக்கொள்கிறது. அடிக்கடி கைநழுவ விடும் இயல்புடையவர்கள் ஐபி இலக்கங்களைவிட இதற்கு அதிக மதிப்பெண் தரலாம். என் தீர்ப்பும் இந்தக் காரணத்தாலேயே ஏ16 பக்கம் சற்றுச் சாய்கிறது.

அடுத்த படியில் போட்டி கடுமையானது. மோட்டோரோலா எட்ஜ் 50-யும் ஓப்போ எஃப்27 ப்ரோ பிளஸ்ஸும் 27,999 ரூபாய்க்கு வந்தன. சாம்சங் ஏ35 30,999 ரூபாய்க்கு வந்தது. உறுதியைப் பொறுத்தவரை முதல் இரண்டும் சாம்சங்கைத் தாண்டி நிற்கின்றன. எட்ஜ் 50-க்கு ஐபி68-உடன் மில்-எஸ்டிடி-810எச் என்ற தரச் சோதனையும் உண்டு; ஓப்போவுக்கு ஐபி69 வரை உண்டு. மில் என்ற சொல்லைப் பார்த்து அமெரிக்க ராணுவமே சான்று கொடுத்துவிட்டதாக எண்ண வேண்டாம். அது ராணுவம் வகுத்த சோதனை முறை. அதிலுள்ள சோதனைகளில் எவற்றைச் செய்வது என்பதை போன் நிறுவனமே தேர்ந்துகொள்ளலாம். இருந்தாலும் அந்தச் சோதனைகளுக்கு உட்படுத்திய போன், உட்படுத்தாத போனைவிட மேலானதே. இரண்டின் முதுகும் கண்ணாடி இல்லை, தோல் போன்ற பூச்சு கொண்டது. ஈரக்கையில் வழுக்காது, விழுந்தால் உடைய அங்கே எதுவும் இல்லை. ஏ35-இன் முதுகு கண்ணாடி, பிரேம் பிளாஸ்டிக்.

அப்படியானால் சாம்சங்கை ஏன் பட்டியலில் வைத்திருக்கிறேன் என்றால், அதன் திரை தட்டையானது. மோட்டோவும் ஓப்போவும் விளிம்பு வளைந்த திரையைக் கொண்டவை. தட்டைத் திரைக்கு நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண டெம்பர் கிளாஸ் கச்சிதமாக உட்காரும். வளைந்த திரைக்கு, புற ஊதா ஒளியில் இறுகும் யுவி பசை ஊற்றி ஒட்டும் கிளாஸ்தான் நிற்கும், அந்தப் பசை கவனக்குறைவால் இயர்பீஸ் துளைக்குள் இறங்கினால் எதிரில் பேசுபவரின் குரல் மங்கிவிடும். கடற்கரைப் பகுதியில் டெம்பர் கிளாஸ் ஆடம்பரம் அல்ல. மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் திரைக் கண்ணாடி ஏறக்குறைய 6-இல் கீறத் தொடங்கும். மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினத்தன்மை 7. சட்டைப் பையில் ஒட்டிக்கொண்ட நாலு மணல் போதும், எத்தனை விலையுயர்ந்த கொரில்லா கிளாஸிலும் கோடு விழும். சாம்சங் ஏ35-க்கு நான்கு ஆண்ட்ராய்டு மேம்படுத்தல்களும் ஐந்து ஆண்டுப் பாதுகாப்பு அப்டேட்டும் உண்டு. மோட்டோவோ ஓப்போவோ தம்முடைய இந்த மாடல்களுக்கு அவ்வளவு ஆண்டு தருவதில்லை. மறுபுறம், அவ்விரண்டும் வேகமான சார்ஜரைப் பெட்டியிலேயே தருகின்றன, சாம்சங் இங்கும் தரவில்லை.

மீன்பிடித் துறைமுகத்திலோ மணலியின் ஆலைகளிலோ திறந்தவெளியில் வேலை பார்ப்பவர் எட்ஜ் 50 வாங்கலாம். ஓப்போவையும் வாங்கலாம், ஆனால் போனை வெந்நீர்ப் பீச்சலில் கழுவும் தேவை எவருக்கு இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அலுவலகம், வீடு, மெட்ரோ என்று சுழல்பவருக்கு ஏ35 போதும். கையில் இரண்டாயிரம் கூடுதலாக இருந்தால், 2025-இல் 32,999 ரூபாய்க்கு வந்த ஏ36-க்கு ஆறு ஆண்டு அப்டேட் வாக்குறுதி கிடைக்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்கலாம்.

இனி ஐபோன். ஸ்ரீபெரும்புதூரில் பாக்ஸ்கான் ஆலையில் பூட்டப்படும் போன் நமக்கு மலிவாகக் கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள்: ஐபோன் 16 அமெரிக்காவில் வரி நீங்கலாக 799 டாலர், இங்கே 18 சதவீத ஜிஎஸ்டி உட்பட 79,900 ரூபாய். அலுமினியப் பிரேமும், ஆறு மீட்டர் வரை அரை மணி நேரம் தாங்கும் ஐபி68-உம், ஆண்டுகள் கடந்தும் நிற்கும் மறுவிற்பனை விலையும் அதன் பக்கம் பேசுகின்றன. 2018-இல் வந்த எக்ஸ்ஆர் மாடலுக்கு 2024-இன் ஐஓஎஸ் 18 கிடைத்தது என்பதே அப்டேட் விஷயத்தில் போதிய சான்று. ஆனால் உணவு டெலிவரி செய்பவர்களும், வியாசர்பாடியிலிருந்து துறைமுகம் வரை பைக்கில் மேப் பார்த்தபடி போகிறவர்களும் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். அதிக சக்தி கொண்ட மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு, கேமராவில் உள்ள ஓஐஎஸ் (கை நடுங்கினாலும் படம் கலங்காமல் லென்ஸை அசைத்துச் சரிசெய்வது), ஆட்டோபோகஸ் அமைப்புகளைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் அறிவித்தது. கைப்பிடியில் நேரடியாக மாட்ட வேண்டாம் என்றும், மொபெட், ஸ்கூட்டர் என்றால் அதிர்வைக் குறைக்கும் மவுண்ட் தேவை என்றும் சொன்னது. ஓஐஎஸ் உள்ள ஆண்ட்ராய்டு போன்களிலும் லென்ஸ் அதே போலத்தான் அசைகிறது. மேப்புக்கென்று பழைய போன் ஒன்றை ஸ்டாண்டில் மாட்டி, நல்ல போனைப் பையில் வைத்துக்கொள்வது 80,000 ரூபாய்ப் பொருளுக்குச் செய்யும் சிறிய மரியாதை.

புதிதாக வாங்க இயலாமல் பழைய ஐபோனைத் தேடுபவர் பலர். அதே தொகைக்குப் புதிய ஏ35 வாங்குவதே நல்லது என்பது என் கருத்து, ஏனெனில் உப்புக்காற்றில் சில ஆண்டு புழங்கிய, ஒருமுறை திறந்து மூடிய போனின் ரப்பர் சீலை நம்ப இயலாது; பெட்டியில் எழுதிய ஐபி68 அதற்கு இனிப் பொருந்தாது. இருந்தும் வாங்குவதென்றால், செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட் என்று போய்ப் பார்த்தால் பேட்டரியோ திரையோ மாற்றப்பட்டதா, அது ஒரிஜினலா என்பது தெரியவரும். எந்த பிராண்ட் ஆனாலும் *#06# அழுத்தி, போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை எடுத்து, கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அது முடக்கப்பட்ட போனா என்ற பதில் வந்துவிடும். பணத்தைக் கொடுப்பதற்கு முன்பு கடை வாசலிலேயே இதைச் செய்யலாம்; வேண்டாம் என்று தடுக்கும் கடைக்காரரிடம் வாங்காமல் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.