பஸ் கார்ட் அடித்த கதை: புறக்கோட்டைப் பிரிண்ட் கடை ஒன்றுக்கு ஐந்துக்கு நான்கு

சொந்தமாக ஒரு ட்ரேடிங் கார்ட் கேம், அதாவது கார்ட் சேர்த்து ஒருவரோடு ஒருவர் மாற்றிக்கொண்டு விளையாடுகிற கேம் ஒன்று, செய்து, அதைக் கையில் பிடித்து விளையாடிப் பார்க்கிற அளவுக்கு மலிவாக அடிக்க வேண்டுமென்றால் கொழும்பில் கல்யாணக் கார்டும் விசிட்டிங் கார்டும் அடிக்கிற டிஜிட்டல் பிரிண்ட் கடைகள்தான் கதி. அவற்றில் மலிபன் வீதியை ஒட்டிய ஒழுங்கை ஒன்றில், பெயர்ப்பலகை பாதி மறைந்துபோய் இருக்கிற ஒரு சின்னக் கடைக்கு நான் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். பிரிண்ட் எங்கே போனாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், மெஷின் நல்லதாக இருந்தால் சரி. இந்தப் புள்ளி அவர்களுடைய வெட்டுக்கு.

கேமைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், கொழும்பில் பஸ் ஓட்டுகிற கேம். ஆளுக்கொரு பஸ் முதலாளி, ஆளுக்கு 60 கார்ட் கொண்ட ஒரு கட்டு, அதாவது டெக். 100, 101, 138 என்று ரூட் கார்டுகள், கண்டக்டர் கார்டுகள், அரசாங்கத்து இ.போ.ச. சிவப்பு பஸ் முந்திக்கொண்டு வந்து பஸ் ஹோல்டில் நிற்கிற ஆட்களை அள்ளிப் போகிற கார்ட், மழைக்கு ரோட்டில் தண்ணீர் நிற்கிற கார்ட். தண்ணீர் கார்டை மச்சானின் மகள் வரைந்தாள், எல்லோரும் மாற்றிக் கேட்பது அதைத்தான். ‘உள்ளே போங்க, உள்ளே இடமிருக்கு’ என்கிற கண்டக்டர் கார்ட் அநியாயத்துக்குப் பலமாக இருக்கிறது, அதை இன்னும் சரிக்கட்டவில்லை.

கடைக்குப் போக முன்னம் ஒரு விஷயம். விதிகள் மாறிக்கொண்டிருக்கும்வரை கலரில் அடிப்பது காசைக் கரைக்கிற வேலை. A4 தாளில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கார்ட் தாராளமாக நிற்கும், பக்கத்துக் கொமியூனிகேஷன் கடையில் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்து, ஸ்டீல் ரூலரும் கட்டரும் வைத்து வெட்டி, பிளாஸ்டிக் ஸ்லீவுக்குள், அதாவது கார்ட் உறைக்குள், போட்டால் போதும். வெறும் தாள் ஸ்லீவுக்குள் நிமிர்ந்து நிற்காது, பின்னால் ஒரு பழைய கார்ட் வேண்டும். 304 சீட்டு விளையாடுகிற வீடென்றால் இதற்கு ஆலாய்ப் பறக்க வேண்டியதில்லை: 304-க்கு 32 கார்ட்தானே, ஒவ்வொரு கட்டிலும் இரண்டு முதல் ஆறு வரை 20 கார்ட் சும்மா கிடக்கும். எங்கள் வீட்டில் அலுமாரி லாச்சிக்குள் அப்படி ரப்பர் பாண்ட் போட்ட கட்டுகள் நிறைய இருந்தன, மாமாவுக்குச் சொல்லாமல் எடுத்துக்கொண்டோம். ஒரு கார்டின் விதி பிழைத்தால் அந்தத் துண்டுத் தாளை மட்டும் உருவிவிட்டு வேறு எழுதிச் செருகலாம். எந்தக் கடையும் இந்த வசதியைத் தராது.

சரி, விதிகள் ஒருவாறு நின்றுவிட்டன, இனி வடிவாக ஒன்று வேண்டும் என்கிறபோதுதான் கடை. கார்ட் அளவு 63 மில்லிமீற்றருக்கு 88, கடையில் விற்கிற ட்ரேடிங் கார்ட் கேம்களில் மேஜிக்கும் போக்கிமோனும் இந்த அளவுதான், யுகியோ மட்டும் கொஞ்சம் சின்னது, 59-க்கு 86. இங்கே டிஜிட்டல் கடைகளில் வழக்கமாக ஓடுவது 12-க்கு 18 அங்குலத் தாள். ஒவ்வொரு கார்டுக்கும் சுற்றிவர 3 மில்லிமீற்றர் ப்ளீட், அதாவது வெட்டு விலகினாலும் வெள்ளை தெரியாமலிருக்க அடிக்கிற மேலதிக ஓரம், விட்டு அடுக்கினால் ஒரு தாளில் 18 கார்ட் வரும், 60 கார்டுக்கு நாலு தாள் போய்விடும், நாலாவதில் பெரும்பகுதி வீண். நாங்கள் எல்லாக் கார்டின் ஓரத்தையும் ஒரே கரும்பச்சையாக்கிவிட்டு, நடுவில் இடைவெளியே விடாமல் ஒட்டி ஒட்டி அடுக்கினோம். அப்போது ஏழுக்கு மூன்று, 21 கார்ட். மூன்று தாளில் 63. 60 கார்டும் முடிந்து மூன்று மிச்சம், அவற்றை வெறுமையாக விட்டோம், பின்னால் புதுக் கார்ட் எழுதிக்கொள்ள. தாள் மிச்சம் என்பதைவிட வெட்டு மிச்சம் என்பதுதான் பெரிய லாபம், ஏனென்றால் இரண்டு கார்டுக்கு நடுவில் ஒரு வெட்டுப் போதும், ப்ளீட் விட்டால் இரண்டு வெட்டு, வெட்டுகிறவருடைய முகமும் அதற்கேற்ப மாறும்.

தமிழில் கார்ட் எழுதுகிறவர்களுக்கு மட்டும் வருகிற தலைவலி ஒன்று இருக்கிறது. இங்கே பல கடைகளில் கொம்பியூட்டரில் இருக்கிறவர் பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துருவில் பழகியவர், கோரல் ட்ரா என்கிற டிசைன் சொஃப்ட்வெயரின் பழைய பதிப்பில்தான் எல்லாவற்றையும் திறப்பார். நீங்கள் யுனிகோட் எழுத்தில் செய்த பிடிஎஃபை அதில் இழுத்துப் போட்டவுடன் கொம்பெல்லாம் கழன்று எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ‘கொழும்பு’ என்பதில் க ஒரு பக்கம், கொம்பு ஒரு பக்கம், நடுவில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. எழுத்து முழுவதையும் கேர்வ் ஆக்கி, அதாவது எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, பிடிஎஃப் கொண்டுபோனால் எதில் திறந்தாலும் குலையாது. இன்னொன்று, எழுத்தின் அளவு. ஆங்கிலக் கார்டைப் பார்த்து 6 பொயின்ற்றில் தமிழ் வைத்தால், அதுவும் கடும் நிறத்தின் மேல் வெள்ளை எழுத்தாக வைத்தால், டோனர் உள்ளே இறங்கிப் புள்ளிகளை மூடிவிடுகிறது. எங்கள் முதல் தாளில் ‘கண்டக்டர்’ என்பதில் ஒரு புள்ளிகூட மிஞ்சவில்லை, லென்ஸ் வைத்துப் பார்த்தால் புள்ளி இருந்த இடத்தில் ஒரு மங்கல் தெரிந்தது, அவ்வளவுதான். 8 பொயின்ற், வெளிர் நிறத்தின் மேல் கறுப்பு எழுத்து, அதற்குக் கீழே போகாதீர்கள்.

தாளுக்கு ஆர்ட் போட் 300 ஜிஎஸ்எம் (தாளின் எடைக் கணக்கு) கேளுங்கள், இரண்டு பக்கமும் வழவழப்பாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் பூச்சுள்ள போட்டும் வைத்திருப்பார்கள், விலை குறைவென்று அதைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், பின்பக்கம் நிறம் செத்துப்போய் வரும். 300 ஜிஎஸ்எம் கையில் பிடிக்கக் கார்ட் மாதிரித்தான் இருக்கிறது, ஆனால் டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் மறுபக்கத்துப் படம் மங்கலாகத் தெரியும். கம்பனிக் கார்டுகளில் இரண்டு தாளுக்கு நடுவே கறுப்பாகவோ நீலமாகவோ ஒரு பசைப் படலம் இருப்பது இந்த வெளிச்சத்தை மறைக்கத்தான். அந்தத் தாளை இந்தக் கடைகளில் எதிர்பார்க்க வேண்டாம். பின்பக்கம் கறுத்த ஸ்லீவ் போட்டால் பிரச்சினை தீர்ந்தது.

பின்பக்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். டிஜிட்டல் மெஷினில் தாள் திரும்பி மறுபக்கம் அடிபடும்போது ஒன்று இரண்டு மில்லிமீற்றர் விலகுவது சாதாரணம். எந்தக் கடைக்குப் போனாலும் இருக்கிற குறை இது, இந்தக் கடையிலும் இருந்தது. பின்பக்கத்தில் வடிவான சட்டம் ஒன்றைப் போட்டு வைத்தால் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் வரும், பிறகு எந்தத் தாளில் இருந்து வந்த கார்ட் எது என்று பின்னால் பார்த்தே சொல்லிவிடலாம், விளையாட்டே பாழ். சட்டமில்லாமல் ஓரம்வரை ஓடுகிற கோலமாக வையுங்கள். நாங்கள் பஸ் டிக்கட் மாதிரி ஒரு கோலத்தைத் திரும்பத் திரும்ப நிரப்பினோம், விலகினாலும் ஒருவருக்கும் தெரியாது.

இனி வெட்டு. இந்தக் கடையில் கட்டிங் மெஷினில் நிற்பவர் ஒரு நானா, வயது அறுபதுக்கு மேல் இருக்கும், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் வேலை பார்ப்பார். முதலில் வெள்ளை ஓரம் வைத்த ஒரு மாதிரித் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்துவிட்டு, “தம்பி, வெள்ளை போர்டர் வச்சா ஒரு நூல் வெலகினாலும் கண்ணுக்குத் தெரியும், கலர ஓரம் வரைக்கும் இழுத்துட்டு வாங்க” என்றார். கரும்பச்சை யோசனை அங்கேதான் வந்தது. பிறகு, “இது என்ன, சூதா?” என்று கேட்டார், பஸ் கார்ட் என்று காட்டியதும் 138-ஐ எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார், நுகேகொடைப் பக்கத்து ஆள் போல.

அவர் வெட்டுகிற விதத்தைத்தான் நான் விலை கொடுத்து வாங்கினேன் என்று சொல்ல வேண்டும். தாள்களை மொத்தமாக ஒரே அடுக்காக வைத்து ஒரே வெட்டில் முடிப்பதுதான் கெதியான வழி, ஆனால் அடுக்கு தடிப்பாக இருந்தால் கத்தி இறங்கும்போது தாள்களை இழுக்கும், மேலே உள்ள கார்டும் கீழே உள்ள கார்டும் ஒரே அகலமாக வராது. எங்கள் நாலு டெக்கின் தாள்களையும் இவர் நாலு நாலு தாளாக வைத்தார். வெட்டுக் கோடு அடித்த முன்பக்கத்தை மேலே வைத்து, பின்னால் இருக்கிற கட்டையைச் சில்லால் திருகி நெருக்கி, முதல் வெட்டை ஒரு பழுதான தாளில் வெட்டி, அந்தத் துண்டை நான் கொண்டுபோன மேஜிக் கார்ட் ஒன்றின் மேல் வைத்து விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். கண்ணால் பார்க்கவில்லை, தடவித்தான் பார்த்தார். பிறகு கட்டையை ஒரு சொட்டு முன்னால் தள்ளினார். கடைசியில் வந்த கார்டுகளை மேசையில் தட்டி அடுக்கினால் பக்கம் சுவர் மாதிரி நிற்கிறது. உங்களிடமுள்ள கம்பனிக் கார்ட் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள், மில்லிமீற்றர் கணக்கு சொல்வதைவிட அது லேசு.

மூலையை வளைக்கிற கட்டர் அங்கே கையால் அழுத்துகிறது, விசிட்டிங் கார்டுக்கு வைத்திருப்பது, அதன் வளைவு கம்பனிக் கார்டின் வளைவோடு அப்படியே பொருந்தாது. எல்லாக் கார்டும் ஒரே கட்டரில் வெட்டுப்பட்டால் அது ஒரு குறையே இல்லை. வேறு நாள் வேறு கடையில் வெட்டிய கார்டைக் கலந்தால்தான் சிக்கல். 1993-இல் மேஜிக் முதன்முதல் வந்தபோதும் இதுதான் நடந்தது: ஆல்ஃபா என்கிற முதல் பதிப்பின் மூலைகள், அதே வருடம் வந்த பீட்டா பதிப்பின் மூலைகளைவிடக் கூடுதலாக வளைந்திருந்தன, இரண்டையும் ஸ்லீவ் இல்லாமல் ஒரே டெக்கில் கலந்தால் குறி வைத்த கார்ட் மாதிரி ஆகிவிடும். அவர்களுக்கே அப்படி என்றால் நமக்கென்ன.

லெமினேட்டிங் மட்டும் வேண்டாம். காலி வீதிப் பக்கம் ஒரு இடத்தில், பெயர் எதற்கு, நான் கேட்காமலேயே முன்பக்கம் மட்டும் மெட் லெமினேட் போட்டுத் தந்தார்கள், “நல்லா நிற்கும் அண்ணன்” என்று. கடற்கரைப் பக்கத்து ஈரக் காற்றுக்கு இரண்டு நாளில் கார்டெல்லாம் பூவரசம் இலை ஊதுகுழல் மாதிரிச் சுருண்டுவிட்டன. இரண்டு பக்கமும் போட்டால் சுருளாது, ஆனால் வழுக்கும், கலைக்கும்போது கட்டு கையில் நிற்காது. ஸ்லீவ் போடப் போகிறவருக்கு லெமினேட்டிங் வீண் செலவு.

விலைக்கு வருவோம். எனக்கு ஒரு தாள், இரண்டு பக்கமும் கலர், 220 ரூபாய் போட்டார்கள். மூன்று தாளுக்கு 660, வெட்டுக் கூலி 300, மூலை வளைக்க நான் காசு கொடுக்கவில்லை, கட்டரை வாங்கி நானே ஒரு மூலையில் உட்கார்ந்து அழுத்தினேன். ஆக 60 கார்ட் டெக் ஒன்று 1000 ரூபாய்க்குள். நல்ல ஸ்லீவ் பாக்கெட் ஒன்று அதைவிடக் கூட வந்தது, இதுதான் ஒருவரும் முன்கூட்டிச் சொல்லாத கணக்கு. ஸ்லீவ் வாங்கும்போது 66-க்கு 91 என்ற அளவைப் பாருங்கள். நாலு டெக் ஒன்றாக அடித்தால் வெட்டுக் கூலி பங்காகும், நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

வெளிநாட்டில் அடிப்பதைப் பற்றியும் கேட்பீர்கள். மேக் பிளேயிங் கார்ட்ஸ், அமெரிக்காவில் இருக்கிற கேம் கிராஃப்டர் போன்ற இடங்களில் ஒரே ஒரு டெக் கேட்டாலும் அடித்துத் தருவார்கள், தரம் இதைவிட எவ்வளவோ மேல், அதில் வாதமில்லை. ஆனால் டெக்கின் விலைக்கு மேல் அனுப்புகிற செலவு, இங்கே வந்ததும் கஸ்டம்ஸ், 2024 ஜனவரியிலிருந்து 18 வீத வற். முடிந்த கேமுக்கு அது சரி. அடுத்த கிழமை கண்டக்டர் கார்டை மாற்றப் போகிற எனக்கு எதற்கு? பிளேட் செய்து அடிக்கிற ஒப்செட்டும் அப்படித்தான், பிளேட் செலவு பரவ நூற்றுக்கணக்கில் அடிக்க வேண்டும்.

ஒரு புள்ளியை ஏன் குறைத்தேன் என்றால், கொம்பியூட்டரில் இருக்கிற தம்பி அவசரக்காரன். பிடிஎஃபை நூறு வீதத்தில் அடிக்காமல் தாளுக்குப் பொருத்துகிற தெரிவில் விட்டுவிட்டு அடித்தான், கார்ட் 63-க்குப் பதிலாக 61-ஆக வந்தது. சொன்னவுடன் முணுமுணுக்காமல் திரும்ப அடித்துத் தந்தார்கள், காசு கேட்கவில்லை, ஆனாலும் நான் ரூலர் வைத்து அளந்திருக்காவிட்டால் அப்படியே வெட்டுக்குப் போயிருக்கும். ஆகவே ஒரு தாளை மட்டும் முதலில் அடிக்கச் சொல்லி, அளந்து பார்த்து, பிறகு மிச்சத்தைச் சொல்லுங்கள். கிழமை நாளில் காலையில் போங்கள். ஞாயிறும் போயாவும் பூட்டு, சனிக்கிழமை பின்னேரம் அந்த ஒழுங்கைக்குள் நுழையவே முடியாது. டிசம்பரில் கலண்டர் வேலை வந்துவிட்டால் நானாவுக்கு நாலு நாலு தாளாக வெட்ட நேரமிருக்காது, அதற்கு முன்னம் வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.