ஒட்டும் வியர்வை பேட்: பட்டு பிளவுஸுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

ஆரி வேலை செய்த பட்டு பிளவுஸ் கெட்டுப்போவது பெரும்பாலும் அக்குளில்தான். கழுத்தும் முதுகும் புதுசு மாதிரியே இருக்கும். கைக்கு அடியில் மட்டும் சாயம் வெளுத்து, ஓரத்தில் மஞ்சள் கோடு விழுந்து, துணி அட்டை போல விறைத்து நிற்கும். வாளியில் போட்டு அலசவும் வழியில்லை. சாயம் இறங்கும், ஜரிகை கறுக்கும், ஒட்டிய கற்கள் கழன்று வரும். தையல் கூலியும் வேலைப்பாட்டுக் கூலியும் ஆயிரக்கணக்கில் கொடுத்த துணி, இரண்டு முகூர்த்தத்தோடு பீரோவின் அடித்தட்டுக்குப் போய்விடுகிறது.

இந்த ஓர் இடத்தைக் காக்கத்தான் ஒருமுறை ஒட்டி எறியும் வியர்வை பேட். ‘அண்டர்ஆர்ம் ஸ்வெட் பேட்’ என்று கேட்டால் பெரிய மருந்துக்கடைகளில் தருவார்கள்; இணையக் கடைகளில் சிரோனா உட்படப் பல பிராண்டுகளில் இருக்கிறது. ஒரு ஜோடிக்குச் சுமார் 15 முதல் 35 ரூபாய் வரை ஆகும். துவைக்க முடியாத, லைனிங் வைத்த, கை கச்சிதமாகத் தைத்த உடை என்றால் இது கொடுக்கிற காசுக்குத் தகுந்த பொருள். வீட்டில் கட்டும் காட்டன் புடவை பிளவுஸுக்கு வீண் செலவு. ‘போட்டுப் பார்த்தேன், நனைஞ்சுதான் போச்சு’ என்று சலித்துக்கொள்பவர்கள் அடுத்த முறை ஒட்டும் இடத்தை ஒரு அங்குலம் மாற்றிப் பார்க்க வேண்டும். இந்தப் பொருளின் வெற்றி தோல்வி பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் கறை எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். அக்குளில் இரண்டு வகை வியர்வைச் சுரப்பிகள் உண்டு. ஒன்று உடம்பு முழுக்க இருக்கிற வகை. உப்பும் தண்ணீருமாகச் சுரக்கும். இன்னொன்று அக்குள் போன்ற சில இடங்களில் மட்டும் இருப்பது. கொழுப்பும் புரதமும் கலந்து சற்றுக் கெட்டியாக வரும். சுரக்கும்போது இதற்கு வாடை கிடையாது, தோலில் இருக்கும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம். புது வியர்வை லேசான அமிலத்தன்மை உடையது. துணியில் தங்கி நாள்பட்டால் காரத்தன்மைக்கு மாறும். பட்டு ஒரு புரத நூல், காரம் அதற்கு ஆகாது. மஞ்சள் கறைக்கு வேறொரு காரணமும் உண்டு: வியர்வையை அடக்கும் ரோல்-ஆன்களில் இருக்கும் அலுமினிய உப்பு, வியர்வையோடு சேர்ந்து துணியில் படிவது. படிகாரமும் அலுமினிய உப்புதான். அதனால் ‘இயற்கையானது, கறை விடாது’ என்று நம்பி அதைத் தடவிய கையோடு பட்டு பிளவுஸ் போட வேண்டாம்.

நல்ல பேட்டில் நான்கு அடுக்குகள் இருக்கும். தோலில் படும் பக்கம் மெல்லிய நெய்யாத துணி. அடுத்து உறிஞ்சும் பஞ்சு; சிலவற்றில் ஈரத்தை ஜெல்லாக மாற்றும் துகள்களும் அதில் கலந்திருக்கும். அதற்கடுத்து ஈரம் மறுபக்கம் போகாமல் தடுக்கும் பிளாஸ்டிக் படலம். கடைசியாகப் பசையும் அதன் மேல் வழுவழு காகிதமும். விலை குறைந்தவற்றில் முதலில் காணாமல் போவது மூன்றாவது அடுக்கு. அது இல்லையென்றால் பேட் ஈரத்தை வாங்கி அப்படியே துணிக்குக் கொடுத்துவிடும். பேட்டே இல்லாமல் போட்டால் சீக்கிரம் காய்ந்திருக்கும் லைனிங், இப்போது மணிக்கணக்கில் நனைந்தே கிடக்கும்.

பாக்கெட் வாங்கியதும் ஒன்றைச் சோதனைக்கு ஒதுக்கிவிடுங்கள். 200 மி.லி. தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பைக் கரைத்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீர் வேண்டாம். ஜெல் துகள்கள் வெறும் தண்ணீரை ஏராளமாகக் குடிக்கும், உப்புநீரில் அந்தத் திறன் வெகுவாகக் குறையும். மருந்துக்கடை சிரிஞ்சில் 5 மி.லி. எடுத்து, பேட்டின் நடுவில் ஒவ்வொரு மி.லி.யாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள். பிறகு மேல்பக்கம் ஒரு டிஷ்யூ பேப்பரை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். பசையின் மேலிருக்கும் வழுவழு காகிதத்தை உரித்து, அந்தப் பக்கத்திலும் ஒரு டிஷ்யூவை ஒற்றிப் பாருங்கள். மேல் டிஷ்யூ லேசாக ஈரமானால் பரவாயில்லை. பின் டிஷ்யூவில் ஈரம் தெரிந்தால் அந்த பிராண்டைப் பட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

ஏன் 5 மி.லி.? ஓர் அக்குளில் 5 நிமிடத்தில் 50 மில்லிகிராம் சுரந்தால் அதை அதிவியர்வை என்று கொள்வது மருத்துவ ஆய்வுகளில் வழக்கம். அந்தக் கணக்கில் 8 மணி நேரத்துக்கு 5 மி.லி.க்குச் சற்றுக் குறைவாக வரும். அது அறை வெப்பத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அளப்பது. அக்னி நட்சத்திர நாளில், ஹோமப் புகைக்கு முன்னால், முழுக்கை பிளவுஸும் மாலையுமாக உட்கார்ந்திருக்கும் மணப்பெண்ணுக்கு அதைவிட அதிகமாகவே வியர்க்கும். சென்னை, தூத்துக்குடி போலக் கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் வியர்வை ஆவியாகாமல் அப்படியே வழியும். ஆகவே முகூர்த்தத்துக்கு ஒரு ஜோடி போதாது.

இனி ஒட்டும் முறை. பேட் பட்டாம்பூச்சி வடிவத்தில் இருக்கும், நடுவில் ஒரு மடிப்புக் கோடு. பெரும்பாலானவற்றில் ஓர் இறக்கை பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கும். பிளவுஸை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினால், பக்கத் தையலும் கைத் தையலும் உடம்போடு கை சேரும் வளைவில் கூட்டல் குறி போலச் சந்திக்கும். பேட்டின் மடிப்புக் கோடு அந்த வளைவுத் தையலின் மேல் படுக்க வேண்டும், கோட்டின் நடுப்புள்ளி அந்தக் கூட்டல் குறியின் மேல் வர வேண்டும். பெரிய இறக்கை உடம்புப் பக்கம், சிறியது கைப்பக்கம். பலர் முழு பேட்டையும் உடம்புப் பக்கத்தில் பட்டையாக ஒட்டிவிடுகிறார்கள். கையைத் தொங்கவிடும்போது கைத்துணியும் அக்குளில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் காப்பில்லாமல் போனால், வெளியில் முதலில் தெரியும் ஈர வட்டம் அங்கேதான் விழும்.

நம் ஊர் பிளவுஸில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. பின்னால் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று பக்கத்தில் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் துணியை உள்ளே விட்டு, இரண்டு மூன்று தையல் ஓட்டி வைத்திருப்பார்கள். அந்தத் துணி வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். அதன்மேல் பேட்டை ஒட்டினால் பாதிப் பசை அந்தரத்தில் நிற்கும். அரை மணி நேரத்தில் சுருண்டு, கைக்கு அடியில் ஒரு பந்தாகிவிடும். விட்ட துணியை முதுகுப் பக்கமாகப் படிய வைத்து இஸ்திரி போடுங்கள், முடிந்தால் அக்குளிலிருந்து மூன்று அங்குலத்துக்கு ஊசி நூலால் லைனிங்கோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்த பிளவுஸில் சுமாரான பசையுள்ள பேட்டும் அசையாமல் நிற்கும்.

இஸ்திரி போட்டதும் சூடு ஆறட்டும். சூட்டில் பசை இளகி நூலுக்குள் இறங்கும், எடுக்கும்போது பிசுபிசுப்பு நிற்கும். லைனிங் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். கஞ்சி போட்ட துணியிலும் பவுடர் கொட்டிய துணியிலும் பசை பிடிக்காது. பவுடர் போடுவதாக இருந்தால் பேட் ஒட்டிய பிறகும் அக்குளில் மட்டும் வேண்டாம். பேட்டை மடிப்புக் கோட்டில் ஒருமுறை மடித்துப் பழக்குங்கள். சின்ன இறக்கையின் காகிதத்தை மட்டும் முதலில் உரித்து, கைப்பக்கம் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் நீவி, 10–15 விநாடி அழுத்துங்கள். பிறகு மற்ற இறக்கை. இரண்டு காகிதத்தையும் ஒரே நேரத்தில் உரித்தால் பேட் தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும், அது அவ்வளவுதான். ஓரத்தில் சிறு சுருக்கம் இருந்தாலும் அது நடக்க நடக்கத் தோலில் உரசும், ஈரமும் அந்தச் சுருக்கம் வழியாகத்தான் வெளியேறும். உடுத்திய பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, இறக்கி, கண்ணாடியில் பாருங்கள். கைவிளிம்பில் வெள்ளை எட்டிப் பார்த்தால் கழற்றி அரை அங்குலம் உள்ளே தள்ளி ஒட்டுங்கள். ஒருமுறை எடுத்து ஒட்டலாம். அதற்குமேல் பசை தாங்காது.

கழற்றியதும் அன்றைக்கே பேட்டை எடுத்துவிட வேண்டும். கல்யாண அலைச்சலில் அப்படியே மடித்து உள்ளே வைத்துவிடுவது இந்தப் பொருளால் வரும் பெரிய சேதம். ஈரம் ஒரு பக்கம், இறுகிய பசை ஒரு பக்கம் என்று இரண்டும் சேர்ந்து லைனிங்கை வீணாக்கிவிடும். எடுக்கும்போது துணியை ஒரு கையால் இறுகப் பிடித்து, பேட்டைத் துணியோடு படிந்தவாறு மெதுவாகப் பின்னோக்கி மடித்து இழுங்கள். வெடுக்கென்று மேலே தூக்கினால் மென்பட்டு இழை விலகும். பசை மிஞ்சினால் ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு அதன்மேல் வையுங்கள்; இறுகியதும் நகத்தால் சுரண்டி எடுத்துவிடலாம். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கம் போகவே கூடாது: அதில் அசிட்டோன் இருந்தால் அசிட்டேட் லைனிங் அப்படியே கரைந்துவிடும்.

எங்கெல்லாம் வேலை செய்யாது? தொளதொள கையில் செய்யாது. பேட் தோலைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் உறிஞ்சும். இடைவெளி இருந்தால் வியர்வை அதைத் தாண்டி விலாவில் வழியும். லைனிங் இல்லாத ஜார்ஜெட், ஷிஃபானில் பேட்டின் உருவம் வெளியே தெரியும். ஸ்லீவ்லெஸ்ஸில் கைப்பக்க இறக்கைக்கு ஒட்ட இடமே கிடையாது. வெளிர் நிறத் துணிக்கு வெள்ளை பேட்டை விடத் தோல் நிறத்து பேட் கண்ணில் படாது, அதைக் கேட்டு வாங்குங்கள். வாசனை சேர்த்ததை வாங்காதீர்கள். அந்த வாசனைப் பொருளே பட்டில் கறை போடலாம், தோலிலும் அரிக்கலாம்.

தோலிலேயே ஒட்டும் வகையும் இருக்கிறது. ஸ்லீவ்லெஸ்ஸுக்கு அது சரிதான் என்றாலும் அக்குள் முடி மழித்திருக்க வேண்டும், தோல் காய்ந்திருக்க வேண்டும். வேக்சிங் செய்த அன்றைக்கு ஒட்டினால் எரிச்சலில் பாதியிலேயே பிடுங்கி எறிய வேண்டி வரும். எந்த வகையானாலும் நனைந்த பேட்டோடு மணிக்கணக்கில் இருந்தால் வேர்க்குருவும் படையும் வரலாம்.

பேன்டி லைனரை வெட்டி ஒட்டலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவசரத்துக்கு ஒட்டலாம், விலையும் குறைவு. ஆனால் அது நேர்ப்பட்டை. அக்குள் வளைவில் மடங்கித் தூக்கும். வெட்டிய ஓரத்தில் பஞ்சு பிதுங்கும், ஈரம் அங்கேதான் கசியும். வெட்டாமல் இரண்டை எடுத்து, வளைவுத் தையலுக்கு இப்புறமும் அப்புறமும் ஒவ்வொன்றாக ஒட்டினால் ஓரளவு நிற்கும்.

ஆபீஸ் சட்டைக்கு தினம் ஒரு ஜோடி என்றால் மாதம் 25 ஜோடி, 375 ரூபாய்க்குக் குறையாது. அந்தப் பணத்துக்கு நல்ல காட்டன் கைவைத்த பனியன் வாங்கினால் வருடம் முழுக்க உழைக்கும். தினமும் பிளவுஸ் போடுபவர்கள் தையல்காரரிடம் சொல்லி, பழைய மல் வேட்டித் துணியை மூன்று நான்கு மடிப்பாக வைத்து, அரைவட்டமாக வெட்டி, இரண்டை வளைவோரமாக இணைத்து பேட் தைத்துக்கொள்ளலாம். டிச் பட்டன் வைத்தால் கழற்றித் துவைக்கலாம். ஒன்று காயும்போது ஒன்று போட இரண்டு ஜோடி வேண்டும். இதில் பிளாஸ்டிக் படலம் இல்லாததால் அதிகம் வியர்ப்பவர்களுக்கு மதியத்துக்குள் நனைந்துவிடும், ஆனால் உறுத்தாது, குப்பையும் சேராது. ஒட்டும் பேட்டின் பெரிய குறை அந்தக் குப்பைதான்: மேல்துணியும் படலமும் பிளாஸ்டிக், மக்காது. காகிதத்தில் சுற்றி மக்காத குப்பையில் போடுங்கள், கழிவறையில் போட்டால் அடைத்துக்கொள்ளும்.

வியர்வையை அடக்கும் ரோல்-ஆன் போடுபவர்கள் அதை முந்தைய இரவு, காய்ந்த தோலில் தடவுவது நல்லது. சுரப்பு குறைவான நேரத்தில்தான் அது சரியாகப் பிடிக்கும், காலையில் துணியில் ஒட்டும் அளவும் குறையும். வெறும் டியோடரன்ட் வாடையை மட்டும்தான் குறைக்கும், ஈரத்தை நிறுத்தாது.

பேட் தாண்டி ஈரம் போயிருந்தால் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, நிழலில் காற்றாட ஒரு இரவு தொங்கவிடுங்கள். டிரை கிளீனிங் கொடுக்கும்போது ‘அக்குளில் வியர்வை’ என்று இடத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்ல வேண்டும். அங்கே பயன்படுத்தும் கரைப்பான் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், தண்ணீரில் கரையும் உப்பை அவ்வளவாக எடுக்காது. சொன்னால்தான் அந்த இடத்துக்குத் தனியாக முன்வேலை செய்வார்கள். சொல்லாமல் கொடுத்தால் திரும்பி வரும்போது சுத்தமாகத் தெரியும், சில மாதம் கழித்து மஞ்சள் மேலே வரும்.

ஒரு கல்யாணத்துக்கு வாங்குவதென்றால் நிச்சயதார்த்தம், வரவேற்பு இரண்டுக்கும் தலா ஒரு ஜோடி, முகூர்த்தத்துக்கு இரண்டு, சோதனைக்கு ஒரு பேட், கை தவறி வீணாவதற்கு ஒரு ஜோடி. ஆறு ஜோடிப் பாக்கெட் ஒன்று போதும். முகூர்த்தத்தின் இரண்டாவது ஜோடியைக் காகிதம் உரிக்காமல் துணைக்கு நிற்கும் தோழியின் கைப்பையில் கொடுத்து வையுங்கள். தாலி கட்டி முடிந்து பந்திக்குப் போவதற்கு முன்னால் மணமகள் அறைக்குள் ஒரு பத்து நிமிடம் கிடைக்கும். மாற்ற வேண்டிய நேரம் அதுதான். பழையதை எடுத்ததும் லைனிங்கைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் உடனே ஒட்டலாம், ஈரமிருந்தால் டிஷ்யூவால் ஒற்றி, ஃபேனுக்குக் கீழே இரண்டு நிமிடம் காட்டிவிட்டு ஒட்டுங்கள்.